மந்திரி சொல்லவில்லை

பால் பொங்கி மேடையெல்லாம் ஓடி, கீழே சொட்டி, தனசேகரின் கால் பெருவிரலை நனைத்துக்கொண்டிருந்தது. அவன் கையில் கரண்டியோடு அடுப்பைப் பார்த்தபடி நின்றான். பூங்கோதை ஓடி வந்து பொத்தானை அமுக்கி அடுப்பை அணைத்தாள். ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, மந்திரி பேச மாட்டேன் என்கிறது என்று பரிதாபமாகக் காதைத் தொட்டுக் காட்டினான்.

அன்றைக்குக் கோவை முழுக்க அப்படித்தான். ஏதோ கோளாறில் பிற்பகலில் கொஞ்ச நேரம் எல்லார் காதிலும் மந்திரி வாயடைத்துப் போயிற்று. வடவள்ளிப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு கூட்டம் மடக்கிய குடையோடு மழையில் நனைந்தது. அடுத்த வீட்டு வக்கீல் பூட்டில் சாவியை நுழைத்துவிட்டு, எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் விழித்தார். எம்.ஏ., பி.எல். படித்த மனுஷர். இரண்டே பக்கம்தான் இருக்கிறது, முயன்று பார்த்தால் குறைந்தா போய்விடும்?

பூங்கோதைக்குச் சிரிப்புத்தான் வந்தது, மகன் இளம்பரிதியைப் பார்க்கும் வரைக்கும். ஏழு வயதுப் பையன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றான். முழங்கால் வரை கட்டெறும்பு. கன்னத்தில் கண்ணீர் வழிகிறது, காலை மட்டும் நகர்த்தவில்லை.

"கடிக்குதும்மா," என்றான். "என்ன பண்றதுன்னு மந்திரி இன்னும் சொல்லலை."

அவள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்திக் கழுவினாள். கால் பூராவும் தடித்துச் சிவந்திருந்தது. எறும்பு கடித்தால் உதற வேண்டும் என்று ஆட்டுக்குட்டிக்குக் கூடத் தெரியும். தன் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குத் தெரியவில்லை.

மந்திரி என்பது புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி. மூன்று வயதில் காதுக்குள் வைத்துவிடுவார்கள். அப்புறம் அது சொல்லிக்கொண்டே இருக்கும். இந்தத் தயிர் புளித்துவிட்டது, வேண்டாம். இந்த ஆள் பொய் சொல்கிறார், கையெழுத்துப் போடாதே. அத்தைக்கு முகம் வாடியிருக்கிறது, சாப்பிட்டாயா என்று கேள். முதலில் வசதிக்குத்தான் வாங்கினார்கள். பிறகு, மந்திரி சொன்னபடி நடந்தவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று சட்டம் வந்தது. அவ்வளவுதான், சொந்தமாக யோசிப்பது கெட்டவர்கள் செய்கிற வேலை மாதிரி ஆகிவிட்டது. சாலைகளில் சிக்னல் விளக்குகளைப் பிடுங்கிவிட்டார்கள். நடக்கிறவன் மந்திரியும் வண்டிக்காரன் மந்திரியும் தமக்குள் பேசிக்கொள்ளும். யார் நிற்பது, யார் போவது என்று அந்தந்தக் காதில் சொல்லும். ஹாரன் சத்தமே கிடையாது. நல்ல ஏற்பாடுதான், இல்லையென்று யார் சொன்னது?

பூங்கோதைக்கு மட்டும் மந்திரி இல்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் காதில் சீழ் வரும். எதை வைத்தாலும் புண்ணாகிவிடும். டாக்டர் விலக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டுக்கு அரசாங்கத்தில் ஒரு ரூபாய்க் காசளவு வில்லை ஒன்றும் கொடுத்தார்கள், எப்போதும் உடம்பில் இருக்க வேண்டும் என்று. ஏன் காதில் இல்லை என்று போலீஸ் கேட்டால் காட்டுவதற்காக்கும் என்று நினைத்துக்கொண்டு, தாலிக்கொடியில் ஊக்கோடு ஊக்காக அதையும் மாட்டிவிட்டாள். அதற்கப்புறம் அதை நினைத்தே பார்த்ததில்லை.

மந்திரி இல்லாமல் அவள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சமைத்தாள், கடைக்குப் போனாள், இரண்டு பிள்ளை பெற்றாள். பரபரப்பான சாலையில் அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி கையை நீட்டிக் காட்டிக்கொண்டே கடந்தாள். வண்டிகள் நின்றன. அவளுக்கு அதில் உள்ளூரக் கொஞ்சம் கர்வம் கூட உண்டு.

எறும்பு கடித்த அன்று மாலையே அவள் கணவனிடம் சொன்னாள், சனிக்கிழமைகளில் பையனுக்கு மந்திரியைக் கழற்றிவிடலாம் என்று. தனசேகர் வேண்டவே வேண்டாம் என்றான். அவன் முரடன் இல்லை. நூற்பாலை அலுவலகத்தில் வேலை, அதிர்ந்து பேசத் தெரியாது. ஆனால் அவன் தம்பி பத்தொன்பது வயதில் மழை நாளில் அவசரமாக பைக்கை எடுத்துக்கொண்டு போய் லாரியில் மோதிச் செத்தவன். மந்திரி வருவதற்கு முந்தைய காலம் அது.

"அன்னைக்கு அவன் காதுல ஒருத்தர், 'இப்பப் போகாதடா'ன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பான் கோதை," என்றான். "உங்க எல்லாருக்கும் சொந்தப் புத்தி இருந்த காலத்துலதான் தெருவுக்குத் தெரு பிணம் விழுந்துச்சு."

அவன் சொன்னது நிஜமாக இருந்தாலும் எறும்பு மொய்த்த கால் கண்ணை விட்டுப் போகவில்லை. தனசேகரைக் கேட்காமல், அவனுக்குத் தெரியாமலே செய்வது என்று தீர்மானித்தாள். சனிக்கிழமை தனசேகருக்கு ஆலையில் வேலை இருக்கும். அவன் தலை மறைந்ததும் பையனின் மந்திரியைக் கழற்றி டம்ளரில் போட்டு அலமாரியில் வைப்பாள். காதுச் சூடு படாவிட்டால் அது தூங்கிவிடும்.

முதல் சனிக்கிழமை இளம்பரிதி காதைப் பொத்திக்கொண்டு அழுதான். ரொம்ப அமைதியாக இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றான். அவள் அவனை மடியில் வைத்துக்கொண்டு, காப்பி டம்ளரைத் தொடாமல் கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூடு பார்க்கச் சொன்னாள். தயிரை முகர்ந்து பார்க்கச் சொன்னாள். வாழைப்பழத்தை அமுக்கிக் காட்டினாள். ஒரு தப்புச் செய்தால் உலகம் முடிந்துவிடாது என்று அவன் நம்புவதற்கே இரண்டு மூன்று வாரம் பிடித்தது. ஒரு நாள் அவன் மொட்டைமாடியிலிருந்து துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு ஓடி வந்தான். யாரும் சொல்லவில்லை. மேற்கே கறுத்திருந்ததாம், அவனுக்கே தோன்றியதாம். துணிகளை அவள் மேல் போட்டுவிட்டுப் பெருமையில் மூச்சிரைக்க நின்றான். சொன்ன மாதிரியே மழை கொட்டியது. பூங்கோதை அந்தத் துணிக் குவியலோடு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

பிறகு சாலை. வீட்டுக்கு எதிரே சாலையைத் தாண்டினால் மளிகைக்கடை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாரா வாரம் கடந்தாள். வலது பக்கம் பார், இடது பக்கம் பார். அப்புறம் கையை நீட்டு. ஆனால் கை மட்டும் போதாது கண்ணு, என்றாள். வண்டி ஓட்டுகிறவர் கண்ணைப் பார். அவரும் உன்னைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தால் தைரியமாகப் போ. ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு எவனும் வண்டியை விட மாட்டான்.

ஒவ்வொரு தடவையும் வண்டிகள் நின்றன.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மாலை, ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லை. தானே போய் வாங்கி வருவதாக இளம்பரிதி கேட்டான். தனியாகவா என்று அவள் தயங்கினாள். ஆமாம், நீ கேட்டிலேயே நில்லு, நான் போய்விட்டு வந்து காட்டுகிறேன் என்றான். அவனே கேட்கிறான், எந்த மந்திரியும் சொல்லாமல். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? சின்னவள் தாரகையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்றாள்.

போகும்போது சாலை காலியாக இருந்தது. ஆனாலும் அவன் இரண்டு பக்கமும் பார்த்து, கையை நீட்டிக்கொண்டேதான் போனான். தாரகை அதைப் பார்த்துத் தன் கையையும் நீட்டினாள். பூங்கோதைக்குச் சிரிப்பு. கடைக்காரர் கறிவேப்பிலையைக் கொடுத்து ஏதோ கேட்டார், இவன் தலையை ஆட்டிச் சிரித்தான். திரும்பி வந்து ஓரத்தில் நின்றான். வலது பக்கம் ஒரு பேக்கரி வேன் வந்தது. பழைய வேன், ரொம்ப வேகம் கூட இல்லை.

அவன் எல்லாம் சரியாகச் செய்தான். அதை அவள் சாகும் வரை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள். வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான். கையை நீட்டினான். வேன் ஓட்டுகிறவரின் கண்ணைப் பார்த்தான். அவரும் பார்த்தார், கேட்டிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது, அவர் பார்த்தார். பிள்ளை நிம்மதியாகக் காலை எடுத்து வைத்தான். வேன் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அடுத்த நாள் சின்னப் பிள்ளைகளைப் புதைக்கிற இடத்தில் அவனைக் கொண்டுபோய் வைத்தார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து பூங்கோதையின் கையைப் பிடித்தார்கள். எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள், ஒரே மாதிரி நிறுத்தி, ஒரே மாதிரி குரலைத் தாழ்த்தி. நல்ல வாக்கியம்தான். பத்துப் பேருக்கு மேல் கேட்டபோது அவளுக்கு ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. யாராவது ஒருத்தர் வந்து, 'பாவி, பிள்ளையைக் கொன்னுட்டியேடி' என்று தலையில் அடித்துக்கொண்டு அழ மாட்டார்களா என்று ஏங்கினாள். தனசேகரும் திட்டவில்லை. திட்டாதே என்று மந்திரி சொல்லியிருக்கும். ஒரு தடவை மட்டும் அவன் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே இருந்தான். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி ஒரு ஓலம் கேட்டது. வெளியே வந்தபோது கருவி அவன் உள்ளங்கையில் இருந்தது. அவளைப் பார்த்ததும் அவசரமாகக் காதில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டாயா என்று கேட்டான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு சின்னப் பெண், பெயர் சுடர்விழி. தங்கை மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து பேசினாள். பையன் காதில் மந்திரி இல்லாததால் வேனிலிருந்த மந்திரிக்கு அவன் இருப்பதே தெரியவில்லை என்றாள். புது வண்டிகளில் கேமரா இருக்கிறது, பழைய வேனில் இல்லை. எல்லார் காதிலும் மந்திரி இருக்கும்போது எதற்கு என்று யாரும் வைக்கவில்லை.

"எனக்கும்தான் மந்திரி இல்லை," என்றாள் பூங்கோதை. "நான் தினமும் அந்த ரோட்டைத் தாண்டறேன். கையைக் காட்டினா நிக்கறாங்க. அவனைக் கூட்டிட்டுப் போனப்பவும் நின்னாங்க. அவனுக்கு மட்டும் ஏனுங்க நிக்கலை?"

சுடர்விழி அவள் கழுத்தைப் பார்த்தாள். தாலிக்கொடியில் ஊக்குகளுக்கு நடுவே தொங்கிய வில்லையைப் பார்த்தாள்.

"அக்கா, அது என்னன்னு உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?"

"போலீஸ்காரங்க கேட்டாக் காட்டறதுக்குத்தானே?"

"இல்லீங்க்கா. இங்க ஒரு ஆள் இருக்கறாங்கன்னு வர்ற வண்டிக்கெல்லாம் அதுதான் சொல்லும். அதைக் கேட்டுட்டு மந்திரி நிறுத்தச் சொல்லும், அவங்க நிறுத்துவாங்க." வில்லையைத் தொட்டுக் காட்டினாள். "உங்க கையைப் பாத்து யாருமே நிறுத்தலீங்க்கா."

பூங்கோதை வில்லையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வருஷமாக அவள் கையை நீட்டியதெல்லாம் வெறும் ஆட்டம். அவளுடைய கர்வம், அப்பா சொல்லிக்கொடுத்த பாடம், பையனுக்கு அவள் சொல்லிக்கொடுத்த பாடம் எல்லாம் இந்தக் காசளவுத் தகரம் போட்ட பிச்சை. இதைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு அனுப்பியிருந்தால் இந்நேரம் ரசம் சரியில்லை என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பான். இதையும் கொடுக்காமல், மந்திரியையும் பிடுங்கிக்கொண்டு, மற்றவர்கள் கண்ணை நம்பிப் போகச் சொல்லி அனுப்பியவள் அவள்.

சுடர்விழி எழுந்து போகும் முன் பூங்கோதை அவளிடம் ஒன்று கேட்டாள். தாரகைக்கும் இதே மாதிரி ஒரு வில்லை கிடைக்குமா? காது நன்றாக இருக்கிற குழந்தைக்கு வில்லை கொடுக்க விதியில்லை என்றாள் அந்தப் பெண். சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது. பிறகு மந்திரி என்ன சொன்னதோ, கலங்கியது நின்றுவிட்டது.

கார்த்திகை பிறந்து ஒரு மத்தியானம் வாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலில் மட்டும் கழற்றியிருந்தார். முகம் அவளுக்கு மறந்திருக்கவில்லை. பேக்கரி வேன் ஓட்டிய பூபாலன். மந்திரியின் பேச்சை மீறவில்லை என்பதால் அவர் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பாகிவிட்டது.

அவர் காது வெறுமையாக இருந்தது. கருவி இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"இங்க போகாதீங்க, போகாதீங்கன்னு சொல்லிட்டே இருந்துச்சுங்க," என்றார். "கழட்டி வண்டியில போட்டுட்டு வந்துட்டனுங்க. வந்தது சரியா தப்பான்னு தெரியலை."

அவள் உள்ளே வரச் சொன்னாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அந்த வேன்காரனைக் கண்டால் குரல்வளையைக் கடிப்பேன் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். இப்போது எதிரில் உட்கார்ந்திருந்தவர் சொம்பைத் தூக்கிக் குடித்தபோது பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது.

"நீங்க அவனைப் பாத்தீங்க," என்றாள்.

"பாத்தனுங்க." அவர் மறைக்கவில்லை. "தூரத்துலயே பாத்துட்டனுங்க. கையில கறிவேப்பிலை வெச்சிருந்தாப்ல. எங்காலு பிரேக்குக்குப் போச்சுங்க அம்மிணி. தானாப் போச்சு. அப்புறம் நானே எடுத்துட்டேன். மந்திரி ஒண்ணும் சொல்லலை. அது சொல்லலைன்னா அங்க ஆரும் வரலை, நமக்குத்தான் என்னமோ தோணுதுன்னு நெனச்சுட்டேன். கண்ணு பாக்குது, நான் அதை நம்பலை." சொம்பைக் கீழே வைத்தார். "என்னையப் பாத்துச் சிரிச்சானுங்க. நிறுத்திருவேன்னு அத்தனை நம்பிக்கையாச் சிரிச்சான்."

அதற்கப்புறம் பூங்கோதையால் தாங்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள். பூபாலனும் துண்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பிள்ளை போன பிறகு அவளோடு சேர்ந்து ஒரு மனுஷன் அழுவது அதுதான் முதல் தடவை. அது அவனைக் கொன்ற மனுஷனாக இருந்ததை என்னவென்று சொல்வது?

வெகுநேரம் கழித்து அவர் எழுந்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வந்த காரியத்தைச் சொன்னார். இனிமேல் மந்திரியைக் காதில் வைப்பதே இல்லை என்று நினைத்திருக்கிறாராம். தன் கண்ணை நம்பித் தானே வண்டி ஓட்டுவது, தோன்றினால் நிறுத்துவது. பெஞ்சாதி வேண்டாம் என்று அழுகிறாளாம், வேலையும் போய்விடலாம். ஆனாலும் அந்தப் பிள்ளைக்குத் தன்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான் என்று படுகிறதாம்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா இப்பவே தூக்கிக் கடாசிடறனுங்க," என்றார்.

இந்த ஊரில் யாராவது ஒருத்தர் இப்படிச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று அவள் எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருக்கிறாள். அந்தச் சொல்லை அவளுக்காகவே தேடி எடுத்துக்கொண்டு வந்த மாதிரி அவர் நின்றார். உள்ளறையில் தாரகை தூக்கத்தில் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"வேண்டாங்க," என்றாள் பூங்கோதை. "போய் மாட்டிக்குங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

"எம் பொண்ணுக்கு இன்னும் மூணு வயசு ஆகலை. முன்னாடியே வேணும்னு எழுதிக் கொடுத்து, முந்தாநாள் நானே கூட்டிட்டுப் போய் மந்திரி வெச்சுட்டு வந்தேன். நாளைக்கு அவ இந்த ரோட்டுலதான் நடக்கோணும். அது சொன்னாத்தான் உங்க கால் பிரேக்கை மிதிக்கும்."

பூபாலன் தலையைக் குனிந்துகொண்டார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். பூங்கோதை கேட் வரை அவர் பின்னாலேயே வந்தாள். அவர் வேனில் ஏறி, கருவியை எடுத்துத் துடைத்துக் காதில் வைத்துக்கொண்டார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.